விளம்பரம் ரிஜெக்ட், பேஜ் முடக்கம், கம்பெனி நோட்டீஸ்: நேரடி விற்பனை செய்பவர்கள் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தக்கலையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாண பேனர், கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா போஸ்டர், இதுதான் சோறு போடும் வேலை. ஆனால் சில வருஷமாக வாரத்துக்கு இரண்டு பேராவது வேறொரு சிக்கலோடு படியேறுகிறார்கள். அழகுசாதனப் பொருள், சத்துப் பவுடர், சமையல் பாத்திரம் என்று ஏதாவது ஒரு நேரடி விற்பனைக் கம்பெனியில் (கடை இல்லாமல் ஆட்கள் மூலமே பொருள் விற்கும் கம்பெனி) கன்சல்டன்ட், அதாவது விற்பனையாளர் ஆக இருப்பவர்கள். குலசேகரம், கருங்கல், திங்கள்சந்தைப் பக்கத்துப் பெண்கள்தான் அதிகம். போனை நீட்டினால் திரையில் சிவப்பு எழுத்து. "மக்கா, பைசா எடுத்துட்டானுவ, விளம்பரம் ஓடல்ல" என்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் சொன்னதையே இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை.

முதல் சோதனை: தடுத்தது யார்?

விளம்பரத்தைத் தடுக்கக்கூடியவர்கள் மூன்று பேர். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், கூகுள் போன்ற தளம் ஒன்று. நீங்கள் கையெழுத்துப் போட்ட கம்பெனி இரண்டாவது. அரசின் சட்டம் மூன்றாவது. ஒருவர் விட்டாலும் மற்றவர் விடவேண்டிய கட்டாயமில்லை. ஃபேஸ்புக் 'அப்ரூவ்டு' என்று காட்டிய விளம்பரத்துக்காகவே கம்பெனி ஐடி (உறுப்பினர் எண்) ரத்தானவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் செய்தி எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். ஆப்புக்குள் வந்ததா, கம்பெனி மெயிலில் வந்ததா, தபாலில் வந்ததா? மூன்றுக்கும் மருந்து வேறு.

அறிகுறி: பூஸ்ட் (பணம் கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டுவது) போட்டதும் 'ரிஜெக்டட்'

பைசா போய்விட்டது என்று பதறவேண்டாம். ஓடாத விளம்பரத்துக்குக் கட்டணம் இல்லை. யு.பி.ஐ. மூலம் முன்கூட்டியே ஏற்றிய பணம் ஆட் அக்கவுண்டின் பேலன்ஸில் அப்படியே நிற்கும். பில்லிங் பகுதியைத் திறந்தால் தெரியும்.

அடுத்து, ரிஜெக்ட் ஆன விளம்பரத்தின் கீழே காரணம் ஒரு வரியில் இருக்கும். அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை. வாசித்துவிட்டுக் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

முதல் காரணம், நோயின் பெயர். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இதுதான். போன மாதம் ஒரு அக்கா கொண்டுவந்த போஸ்டரில் மேலே பெரிய எழுத்தில் "உங்களுக்குச் சர்க்கரை நோயா? மூட்டு வலியா? 90 நாளில் விடுதலை!" என்று இருந்தது. கீழே டப்பாவின் படம். அந்தப் படத்தையே பெரிதாக்கிக் காட்டினேன். லேபிளின் ஓரத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. சத்துச் சப்ளிமென்ட்களில் அந்த வாசகம் இருந்தாக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. போஸ்டர் ஒன்று சொல்கிறது, டப்பா அதை மறுக்கிறது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "மேல உள்ளவங்க அனுப்பித் தந்த போஸ்டராக்கும் இது" என்றார் பிறகு. டீமில் மேலே இருப்பவர் அனுப்பினாலும் போட்டவர் பெயரில்தான் விளம்பரம் நிற்கும்.

இதில் இரண்டு தவறு சேர்ந்திருக்கிறது. "உங்களுக்குச் சர்க்கரையா?" என்று வாசிப்பவரின் உடல்நிலையைச் சுட்டிக் கேட்பதை ஃபேஸ்புக் ஏற்காது. 'விடுதலை', 'குணமாகும்' என்பது அதைவிடப் பெரிய சிக்கல். மருந்து, மாய மருந்து விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்களும் உடல்நிலைகளும் இருக்கின்றன. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புற்றுநோய், உடல் பருமன் எல்லாம் அதில் உண்டு. அவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்தால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதனால் எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்து 'சு.க.ர்' என்று எழுதித் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. தளத்தின் கண்ணை ஒரு நாள் ஏமாற்றலாம், சட்டத்தின் முன்னால் அந்தப் புள்ளி எதையும் காப்பாற்றாது.

அந்த அக்காவுக்கு மாற்றிக் கொடுத்த வரி இது: "காலைச் சாப்பாட்டோடு ஒரு ஸ்கூப். இத்தனை கிராம் புரதம். ருசி பார்க்க அழையுங்கள்." கிராம் கணக்கை டப்பாவில் இருந்தபடியே போட்டோம். அன்று சாயங்காலமே விளம்பரம் ஓட ஆரம்பித்தது.

இரண்டாவது காரணம், வருமானப் பேச்சு. "வீட்டிலிருந்தே மாதம் 30,000", "போனை மட்டும் வைத்து சம்பாதிக்கலாம்", கார் சாவி வாங்கும் போட்டோ, வங்கி மெசேஜின் ஸ்கிரீன்ஷாட். சின்ன முதலீட்டில் வேகமாகப் பணம் என்று சொல்லும் விளம்பரத்தையும், ஆள் மேல் ஆள் சேர்க்கும் திட்டத்தின் விளம்பரத்தையும் ஃபேஸ்புக் தன் கொள்கையிலேயே தடுத்திருக்கிறது. இதற்கு வார்த்தை மாற்றிப் பிரயோசனம் இல்லை. பொருளை விளம்பரம் செய்யுங்கள். ஆள் சேர்ப்பதை நேரில் பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, படம். எழுத்தை மாற்றியும் ரிஜெக்ட் ஆனால் படத்தைப் பாருங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் தளம் வாசிக்கும். 'முன்பு – பின்பு' ஜோடிப் படங்கள், வயிற்றுச் சதையைப் பிடித்துக் காட்டும் படம், முகத்தில் பருவை மட்டும் பெரிதாக்கிய படம் எல்லாம் மாட்டும். ரீல்ஸ் ஆனால் பின்னணிக் குரலையும் ஒருமுறை கேளுங்கள். எழுத்தில் இல்லாதது வாயில் வந்திருக்கும்.

நான்காவது, லிங்க். விளம்பரம் சுத்தமாக இருந்தும் அது கொண்டுபோய் விடும் பக்கத்தில் "நோய் தீரும்" என்றிருந்தால் விளம்பரம்தான் அடிவாங்கும். லிங்கை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் பட்டன் மட்டும் வைத்துப் பாருங்கள். ஓடினால் கோளாறு அந்தப் பக்கத்தில்.

எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று. மார்த்தாண்டத்தை நடுவில் வைத்து 20 கிலோமீட்டர் வட்டம் போட்டாலே களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்காரர்களுக்கும் விளம்பரம் போகும். அதற்காக மலையாளத்திலும் ஒன்று போடுவார்கள். தமிழ் ஓடும், மலையாளம் ரிஜெக்ட் ஆகும். இரண்டு முறை பார்த்தேன். மொழிமாற்றும் ஆப், 'உதவும்' என்பதைக் 'குணமாகும்' என்ற பொருள் வரும்படி ஆக்கியிருந்தது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். நம் மாவட்டத்தில் அதற்கு ஆள் தேடவேண்டியதில்லை.

எல்லாம் சரி, இன்னும் தப்பே தெரியவில்லை என்றால் 'ரிவ்யூ' கேளுங்கள். ஒரு முறை போதும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடும். அதே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். ஒரு தம்பி ஒரே போஸ்டரைப் பதினோரு முறை போட்டு, அடுத்த தலைப்பில் போய் நின்றான்.

யாரை அழைப்பது? இந்தக் கட்டத்தில் யாரையும் வேண்டாம். 'ரிஜெக்ட் ஆன ஆட் ஓடவைத்துத் தருவோம், 2,000 ரூபாய்' என்று சொல்பவர்களுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

அறிகுறி: விளம்பரமே போட முடியவில்லை, ஆட் அக்கவுண்ட் முடங்கியது

சின்னதிலிருந்து தொடங்குவோம். பழைய பாக்கி இருக்கிறதா? கார்டு காலாவதி ஆகியிருந்தால் 200 ரூபாய் பாக்கிக்காகக்கூட அக்கவுண்ட் நிற்கும். கட்டினால் திறந்துவிடும்.

பாக்கி இல்லையென்றால் பிசினஸ் சப்போர்ட் ஹோம் என்ற பக்கத்துக்குப் போங்கள். எந்த அக்கவுண்ட், எந்தத் தேதியில், எதற்காக என்று அங்கே இருக்கும். அடையாளச் சான்று கேட்டிருந்தால், புரொஃபைலில் இருக்கும் பெயரும் சான்றில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். 'ஏஞ்சல் பியூட்டி மார்த்தாண்டம்' என்று புரொஃபைல் பெயர் வைத்துவிட்டு ஆதாரை அனுப்பினால் ஒத்துப்போகாது.

அடுத்தது, கூட்டு அக்கவுண்ட். டீம் தலைவி ஒருவர் தன் பிசினஸ் அக்கவுண்டில் இருபது பேரைச் சேர்த்துவிடுவார். அதில் ஒருவர் செய்த தப்புக்கு இருபது பேரும் நிற்பார்கள். உங்கள் விளம்பரத்தில் எந்தக் குறையும் காணவில்லை என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

செய்யக்கூடாத ஒன்று: புது ஐடி திறப்பது. அதே போன், அதே கார்டு, அதே எண்ணில் திறக்கும் புது அக்கவுண்டைத் தளம் பழையதோடு சேர்த்துப் பார்க்கும், அதுவும் போகும். கணவர் ஐடியில் போட்டால் கணவர் ஐடியும் போகும். அப்பீல் ஒன்றே வழி. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அனுப்புங்கள். "எந்த விளம்பரத்தில் எந்தச் சொல் தப்பு என்று தெரிந்துகொண்டேன், நீக்கிவிட்டேன்" என்று நேராக எழுதினால் போதும்.

நீங்கள் போடாத விளம்பரம் உங்கள் அக்கவுண்டில் ஓடுகிறதா? அப்படியானால் யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். முதலில் வங்கியை அழைத்துக் கார்டை நிறுத்துங்கள். அடுத்த அழைப்பு 1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். அதற்குப் பிறகுதான் பாஸ்வேர்ட் வேலை எல்லாம்.

அறிகுறி: "டிரேட்மார்க் மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் பேஜ் நீக்கப்படும்" என்று மெசேஜ்

இதைப் பார்த்து அழுதுகொண்டே ஓடிவந்தவர்கள் உண்டு. அந்தப் பயத்தை நம்பித்தான் இந்த மெசேஜையே அனுப்புகிறார்கள்.

மெசஞ்சரில் வந்ததா? ஏதோ ஒரு பேஜ் உங்களை டேக் செய்து போட்டதா? அப்படியானால் போலி. ஃபேஸ்புக் அப்படி எச்சரிக்கை அனுப்புவதில்லை. லிங்கைத் தொடாமல் ரிப்போர்ட் செய்துவிட்டு விடுங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் உங்கள் பேஜின் நிலையைக் காட்டும் பகுதியிலும், சப்போர்ட் இன்பாக்ஸிலும் பதிவாகியிருக்கும். மெசேஜைத் தொடாமல் நீங்களே ஆப்பைத் திறந்து அங்கே போய்ப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பேஜுக்கு ஒன்றும் இல்லை.

லிங்கைத் தொட்டு ஓ.டி.பி.யும் கொடுத்துவிட்டீர்களா? உடனே பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள். இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்கள் பேஜுக்கு அட்மினாக முன்பின் தெரியாத பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளேயே போக முடியவில்லை, பைசாவும் போயிருக்கிறது என்றால் 1930. அதோடு நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் போலீசிடம் எழுத்தில் புகார். மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிரிண்ட் கொண்டுபோங்கள்.

சப்போர்ட் இன்பாக்ஸில் உண்மையாகவே இருந்தால், பிராண்டின் சொந்தக்காரர் புகார் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

அறிகுறி: கம்பெனியிலிருந்து மெயில், அல்லது ஐடி 'ஹோல்ட்' (நிறுத்திவைப்பு)

கையெழுத்துப் போட்ட நாளில் தந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகளின்படி, கம்பெனிக்கும் உங்களுக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஆன்லைனில் டிக் அடித்துச் சேர்ந்தவர்களுக்கு அது கம்பெனி ஆப்பிலோ மெயிலிலோ கிடக்கும். அதில் 'விளம்பரம்', 'இணையதளம்', 'வர்த்தகமுத்திரை' என்று வரும் பகுதிகளை மட்டும் வாசித்தால் போதும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனாலும் நான் பார்த்தவற்றில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் இவை.

பேஜ் பெயரில் கம்பெனி பெயர். கம்பெனி பெயரோடு 'நாகர்கோவில்' என்று சேர்த்து வைத்தால் அது கிளை அலுவலகம் என்று ஜனங்கள் நினைப்பார்கள். உங்கள் பெயரை வையுங்கள், கீழே 'சுயாதீன கன்சல்டன்ட்' என்று கம்பெனி சொல்லித் தந்த வாசகத்தை அப்படியே போடுங்கள். செலவில்லாத, அஞ்சு நிமிஷ வேலை. மெயில்களில் பல இதோடு முடிந்துவிடும்.

லோகோ. கூகுளில் எடுத்த லோகோவைப் போடாதீர்கள். கன்சல்டன்ட்களுக்கென்று தனி லோகோ தரும் கம்பெனிகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். என்னிடம் வரும் பேனர் வேலைக்கும் இப்போதெல்லாம் அந்த ஃபைல் இருந்தால்தான் கை வைக்கிறேன்.

விலை. எம்.ஆர்.பி.க்குக் கீழே விலை போட்டு விளம்பரம் செய்தால் பக்கத்து ஊர் கன்சல்டன்டே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுவார். கசப்பாக இருக்கும், ஆனால் புகார் அப்படித்தான் போகிறது.

கட்டண விளம்பரம். சில ஒப்பந்தங்களில் ஸ்டேட்டஸ், சொந்தப் பதிவு வரைக்கும் சரி, பூஸ்ட் கூடாது என்றிருக்கும். கூகுளில் கம்பெனி பெயரைத் தேடுசொல்லாக வாங்கி விளம்பரம் செய்வதையும் பல கம்பெனிகள் தடுக்கின்றன. முன்அனுமதி வாங்கச் சொல்லியிருந்தால் போஸ்டரை மெயிலில் அனுப்பி, பதில் வந்தபின் போடுங்கள். வாய்மொழி அனுமதி செல்லாது.

ஆன்லைன் சந்தையில் விற்பது. இதில் ஒரு ஃபார்வேர்டு சுற்றுகிறது: "ஆன்லைனில் விற்கலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது." நடந்தது என்னவென்றால், கம்பெனியின் சம்மதம் வேண்டும் என்ற 2016 வழிகாட்டு நெறிமுறைகளை வைத்து 2019 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆன்லைன் தளங்களுக்குத் தடை விதித்தார். 2020 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. அந்த வழக்கு கம்பெனிகளுக்கும் தளங்களுக்கும் இடையே நடந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்துவதை அது மாற்றவில்லை. ஃபார்வேர்டை நம்பி ஐடியைப் பணயம் வைக்காதீர்கள்.

மெயிலுக்குப் பதில் எழுதும்போது தகராறு வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "இன்ன தேதி மெயில் கிடைத்தது. குறிப்பிட்ட பதிவை இன்று நீக்கினேன். பேஜ் பெயரை மாற்றினேன். ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். ஐடியைத் திறந்துதரக் கேட்டுக்கொள்கிறேன்." நாலு வரி. நீக்குவதற்கு முன்னாலும் பின்னாலும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை மறக்காதீர்கள்.

வக்கீலை எப்போது பார்ப்பது? ஐடியை ரத்து செய்து, வரவேண்டிய கமிஷனையும் நிறுத்தினால். கம்பெனியின் குறைதீர் அதிகாரியின் பெயரும் தொடர்பும் வெப்சைட்டில் இருக்க வேண்டும் என்பது விதி, முதலில் அவருக்கு மெயில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் வக்கீல். செலவுக்குப் பயந்து விட்டுவிடும் அக்காமார்களுக்குச் சொல்கிறேன்: சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

அறிகுறி: வாட்ஸ்அப் எண் தடை

ஜி.பி. வாட்ஸ்அப் போன்ற டூப்ளிகேட் ஆப் வைத்திருக்கிறீர்களா? வேறெதையும் பார்க்கும் முன்னால் அதை எடுத்துவிட்டு ஒரிஜினலைப் போடுங்கள். தற்காலிகத் தடை என்றால் திரையில் நேரம் ஓடும், முடியும்வரை காத்திருந்தால் போதும்.

அது இல்லையென்றால், கேட்காமல் ஆளைக் குரூப்பில் சேர்த்திருப்பீர்கள். சுயஉதவிக் குழு, சர்ச் அன்பியக் குழு, பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப் என்று எண்களை எடுத்துப் புதுக் குரூப்பில் போட்டால், அதில் பத்துப் பேர் பிளாக் செய்து ரிப்போர்ட் அடித்தாலே எண் ஆட்டம் காணும். ஆப்பிலேயே ரிவ்யூ கேட்கும் பட்டன் இருக்கிறது, அழுத்துங்கள். எண் திரும்பி வந்தபின் பிராட்காஸ்ட் லிஸ்ட் பயன்படுத்துங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை, அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். சேமித்திருக்கிறார் என்றால் வேண்டும் என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் கேட்டலாகில் (பொருள் பட்டியலில்) ஒரு பொருள் மட்டும் ஏறாமல் நின்றால், அநேகமாக அது உள்ளே சாப்பிடும் மாத்திரை, பவுடர் வகையாக இருக்கும். அதை விட்டுவிட்டு மற்றவற்றை ஏற்றுங்கள்.

அறிகுறி: தளமும் தடுக்கவில்லை, கம்பெனியும் தடுக்கவில்லை, அரசு நோட்டீஸ் வந்திருக்கிறது

இதை நீங்களே சரிசெய்யப் பார்க்காதீர்கள். பதிவுகளை அழிக்காதீர்கள், பிரதி எடுத்து வையுங்கள், அன்றே வக்கீலைப் பாருங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

இந்த நிலைக்கு வராமலிருக்க ஒரு பழக்கம். "நான் மூணு மாசமா இதுதான் தேய்க்கிறேன், முகம் பளிச்" என்று ரீல்ஸ் போடும்போது, இதை விற்பவரும் நீங்கள்தான் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பொருளோடு பணத் தொடர்பு இருப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஒரே ஒரு வரிதான்.

அறிகுறி: எதைப் போட்டாலும் ரிஜெக்ட், எந்த வார்த்தையை மாற்றினாலும் ரிஜெக்ட்

அப்படியானால் போஸ்டரைக் கீழே வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு வந்த பணத்தில், டீமுக்கு வெளியே உள்ள ஒருவருக்குப் பொருள் விற்று வந்தது எவ்வளவு? ஆள் சேர்த்ததற்காக வந்தது எவ்வளவு? இரண்டு பத்தியாக எழுதுங்கள். திங்கள்சந்தையிலிருந்து வந்த ஒரு தங்கச்சி என் கடை பில்புக்கின் பின்பக்கத்தில் எழுதினாள். முதல் பத்தியில் இரண்டு வரி. இரண்டாவது பத்திக்கு இடம் போதவில்லை. தங்கச் செயினை அடகு வைத்துச் சேர்ந்தவள் அவள்.

ஆள் சேர்ப்பதிலிருந்தே பணம் வரும் பிரமிட் திட்டத்தை 2021 விதிகள் தடை செய்கின்றன. ஆள் சேர்வதை நம்பிச் சுலபப் பணம் தருவதாகச் சொல்லும் பணச் சுழற்சித் திட்டத்தை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. அதற்கு விளம்பரம் தயாரித்துக் கொடுக்க என்னால் முடியாது, எந்தக் கடைக்காரரும் செய்யக்கூடாது.

சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதென்றால் ஒப்பந்தத்தில் 'கூலிங் ஆஃப்' காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். அதற்குள் விலகினால் ஒப்பந்தத்தை மீறியதாகத் தண்டம் எதுவும் கிடையாது. விலகல் கடிதத்தை மெயிலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள், பிரிக்காத பொருள்களின் பட்டியலைச் சேர்த்து. காலம் கடந்துவிட்டது, பைசாவும் திரும்ப வரவில்லை என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். உங்களுக்குக் கீழே நீங்கள் சேர்த்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தங்கச்சி ஏழு பேரோடு போனாள். பில்புக்கின் அந்தத் தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.